போதிய அளவு சாகாத துப்பாக்கி

பழைய போர்த் துப்பாக்கிகளைச் சேர்த்து வைப்பது எங்கள் மொராவியாவில் மரியாதைப்பட்ட மனிதர்களின் பொழுதுபோக்கு. பிலாஷோவ் ஊரில் இதற்கென்று சங்கமே உண்டு. சனிக்கிழமைதோறும் பீர்க்கடையின் பின்னறையில், எந்தக் காலத்துப் பேரரசனின் படையோ போட்ட கம்பளிக் கோட்டுகளை மாட்டிக்கொண்டு, வேர்த்து வழிய உட்கார்ந்து துருவைப் பற்றிப் பேசுவோம். துருவைத் துடைத்தவனைச் சங்கத்தை விட்டு நீக்கிவிடுவோம். எங்களில் யாரும் சுட்டதில்லை, சுடவும் முடியாது. குழலை இரும்பால் அடைத்து, தோட்டாவை அடிக்கும் ஊசியைத் தேய்த்து, துப்பாக்கியைச் சாகடித்த பிறகே சுவரில் மாட்டலாம் என்பது சட்டம்.

என் அடுத்த வீட்டு ஓல்டிரிக்கிடம் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி. ஆனால் திருகாணி முதல் தோள்கட்டை வரை எல்லா உறுப்பிலும் ஒரே எண் பொறித்தது. எங்கள் கூட்டத்தில் அதைவிடப் பெரிய பாக்கியம் கிடையாது. கடைசித் திருகாணியைத் தேடி அவன் இரண்டு நாடுகள் அலைந்தான். தேனிலவும் அந்த அலைச்சலில் அடக்கம். அவன் மனைவி லுட்மிலா அதற்காகத் துப்பாக்கியை வெறுத்துவிடவில்லை. குளிர்காலத்தில் காலுறைகளை அதன்மேல்தான் காயப்போடுவாள்.

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு, பழைய முறையில் சாகடிக்கப்பட்ட மேற்படி ஆயுதங்கள் யாவும் புதிய முறையில் மறுபடி சாகடிக்கப்பட வேண்டும். தவறினால் கிறிஸ்துமஸ் கழிந்ததும் உலையில் போடப்படும். ஓல்டிரிக் சாப்பாட்டை மறந்தான். துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி அணைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினான். துணைக்கு நானும் போனேன்.

ஆயுதப் பிரிவில் இருந்தவர் திருமதி ஹாவெல்கொவா. சட்டத்தைத் தவிர வேறெதையும் நம்பாத நேர்மையான பெண்மணி.

"உங்க துப்பாக்கி செத்திருக்கு சார். நான் இல்லேங்கல. ஆனா போதிய அளவு சாகல" என்றார்.

"செத்தது செத்ததுதானே மேடம்? அதுல என்ன அளவு?"

"பழைய முறை செல்லாதுன்னு சொல்லியாச்சு. செல்லாத முறையில செத்தா செத்ததா எடுத்துக்க முடியாது. அப்ப அது உயிரோட இருக்குன்னுதானே அர்த்தம்?"

"குழல்ல ஈ கூட நுழையாது மேடம்."

"அது உங்க துப்பாக்கியோட சொந்த விஷயம் சார். சட்டம் அதுல தலையிடாது."

சரி, கொன்றே விடுவோம் என்று பக்கத்து ஊரில் இருந்த பட்டறைக்குப் போனோம். முறைப்படி கொல்ல அனுமதி பெற்ற பட்டறை அந்த வட்டாரத்திலேயே அது ஒன்றுதான். பட்டறைக்காரர் வால்ஹா குழலை ஒரு கண்ணால் பார்த்தார், அப்புறம் எங்களைப் பார்த்தார். புதிய முறைப்படி குழலை நெடுக அறுக்க வேண்டுமாம். இரும்பு அடைத்ததால் இதில் குழலே இல்லை, இருப்பது கம்பி. கம்பியை அறுத்துவிட்டுக் குழலை அறுத்தேன் என்று முத்திரை குத்தினால் தன்னைத்தான் உள்ளே தள்ளுவார்கள் என்றார். உயிரோடு கொண்டுவந்தால் ஆனந்தமாகக் கொன்று தருவதாகவும் வாக்களித்தார்.

திரும்பவும் திருமதி ஹாவெல்கொவா. அவர் சட்டத்தை முன்னும் பின்னுமாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் தெளிந்தது.

"இதுல குழப்பமே இல்ல சார். உயிர் குடுத்துடுங்க."

"எதுக்கு மேடம்?"

"சாகறதுக்குத்தான்."

உலகத்திலேயே முதல்முறையாக, கொல்லப்படும் பொருட்டு உயிர்ப்பித்துக்கொள்ளும் அனுமதி எங்கள் ஊரில் வழங்கப்பட்டது. வால்ஹா குழலைக் குடைந்து தந்தார், புது ஊசி போட்டார். எண்களுக்கு ஒரு கீறல் இல்லை. உயிர் வந்துவிட்டதா என்று அரசு நேரில் அறிய வேண்டுமல்லவா? ஆகவே ஊருக்கு வெளியே கல்குவாரியில் சோதனை நடந்தது. திருமதி ஹாவெல்கொவா ரப்பர் பூட்ஸ் அணிந்து, மதியத்துக்குப் பாலாடை பன்னும் டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஓல்டிரிக் பாறையைக் குறிபார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டான். பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை. பாறைக்கு எதிர்த்திசையில் கிடந்த டப்பாவின் மூடியில் அழகான துளை விழுந்தது.

"உயிரோட இருக்கு" என்றார் திருமதி ஹாவெல்கொவா திருப்தியாக. பிறகு ஓட்டை விழுந்த பன்களை எங்களுக்கும் கொடுத்தார். தின்றோம்.

அவ்வளவுதான், சங்கத்துக்குப் பைத்தியம் பிடித்தது. செத்த துப்பாக்கி வைத்திருப்பவனோடு யாரும் பேசுவதில்லை என்று ஆகிவிட்டது. எல்லாரும் அனுமதி வாங்கினோம், எல்லாரும் உயிர் கொடுத்தோம். நானும் இரண்டுக்குக் கொடுத்தேன். கொல்வதற்கோ ஒரே ஒரு வால்ஹா. அவர் உயிர் கொடுக்கும் வேலையில் மூழ்கி, கொல்ல நேரமில்லாமல் தவித்தார். கொல்வதற்கான வரிசையில் நிற்பவனின் துப்பாக்கியை உலை தொடாது என்பதால் எங்களுக்கும் அவசரமில்லை. லுட்மிலா மட்டும் காலுறைகளை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

தலைநகரிலிருந்து ஆய்வாளர் வந்தார். ஊர் மன்றத்தில் எங்களையெல்லாம் கூட்டினார்.

"இந்தச் சட்டத்துக்கு முன்னாடி ஊர்ல சுடற துப்பாக்கி எத்தனை இருந்துச்சு?"

"ஒண்ணுகூட இல்ல சார்" என்றார் திருமதி ஹாவெல்கொவா.

"இப்போ?"

"வீட்டுக்கு வீடு இருக்கு சார்."

ஆய்வாளர் முகம் வெளுத்தது. "நல்லவேளை, சமயத்துல சட்டம் போட்டோம்" என்று கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். திருமதி ஹாவெல்கொவாவுக்கு அங்கேயே பதவி உயர்வு அறிவிக்கப்பட்டது. இனி சட்டத்தை எப்படி இறுக்கலாம் என்று ஆய்வாளர் பொதுமக்களின் கருத்தைக் கேட்டார்.

ஓல்டிரிக் எழுந்தான். சட்டத்தைக் கிழி கிழி என்று கிழிக்கப்போகிறான் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லா இறுக்குங்க சார். பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட சுடற துப்பாக்கி ரெண்டு இருக்கு. எப்படி சார் நிம்மதியா தூங்குறது?" என்று என்னைக் கைகாட்டினான்.

எனக்கு வந்த கோபத்தில், கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவன் அடுத்த வீட்டில் இருந்தால் என் நிலைமை என்ன என்று நானும் கத்தினேன். மன்றம் முழுக்க ஒருவரையொருவர் கைகாட்டினோம். கடைசியில் சட்டத்தைக் கடுமையாக்கக் கோரும் மனுவில் ஊரே ஒற்றுமையாகக் கையெழுத்துப் போட்டது. என் துப்பாக்கிகளுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன். எனக்கு முன்னால் போட்டவர்களும் அப்படியே எழுதியிருந்தார்கள். ஓல்டிரிக்கின் எழுத்துதான் இருப்பதிலேயே பொடி.

மக்களின் கோரிக்கை முழுவதும் ஏற்கப்பட்டது. புதிய சட்டம் படுகடுமையானது. ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் அதிலிருந்து பெயர் குறிப்பிட்டு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் எல்லாரும் இப்போது தரையோடு தரையாகப் பாய் விரித்து, ஜன்னலுக்குக் கீழே படுத்துக்கொள்கிறோம்.