பூவனநாதனின் குறுக்குப் பாதை

எட்டயபுரம் மடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்ததுதான் பூவனநாதன் செய்த தப்பு.

கோவில்பட்டியிலிருந்து ஆடிக் கிருத்திகைக்குத் திருச்செந்தூர் நடந்து போகிற கூட்டம் அது. எல்லோரும் ஒரே தெருக்காரர்கள், எல்லோரும் ஆண்கள். பச்சை வேட்டி, செருப்பில்லாத கால், ஆளுக்கொரு மஞ்சள் பை. பூவனநாதனுக்கு இதுதான் முதல் நடை. கடலைமிட்டாய்க் கடைக் கல்லாவில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். வீட்டிலிருந்து கடைக்குப் போகவே குதிரை வண்டி பிடிக்கிறவர். அவராகவா நடக்கக் கிளம்பினார்? வீட்டுக்காரி மீனாட்சியம்மாளின் நேர்ச்சை.

"டைபாய்டுல கெடந்தியள்லா, அப்பம் முருகன்கிட்ட சொல்லிட்டேன். இவியளப் பொழைக்க வையி, நடந்தே உன் வாசலுக்கு வருவாவன்னு."

"காய்ச்சல் விட்டு ஏழெட்டு மாசமாச்சு. இப்பம் சொல்லுதியே?"

"மறந்துட்டேன். நேத்து கனவுல வந்து கேக்கான்."

"நேர்ந்தது நீ. நடக்கது நானா?"

"பொழைச்சது நீங்கதான?"

கிளம்பும்போது வாசல்வரை வந்தவள், "நடையில கள்ளம் பண்ணாதிய. அது என் தாலிக்கு ஆகாது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊரெல்லை தாண்டுவதற்குள் இரண்டு பாதங்களிலும் கொப்புளம். முன்னால் போனவர்களின் 'அரோகரா' மெலிந்து மெலிந்து காதுக்கு எட்டாமல் போனது. அப்போது பார்த்துப் பின்னால் ஒரு பஸ் வந்தது. பூவனநாதனின் கை அவரைக் கேட்காமலே நீண்டுவிட்டது.

திட்டம் ஒன்றும் மோசமில்லை. ஊருக்கு முன்னாலேயே இறங்கி, ஒரு டீக்கடையில் ஒளிந்திருந்து, கூட்டம் கடந்ததும் கடைசி ஆளாகப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். பெல்பாட்டம் போட்ட கண்டக்டர் பக்திமான். மடத்து வாசலிலேயே விசிலடித்து பஸ்ஸை நிறுத்தி, தோளைத் தொட்டு எழுப்பினார்.

"சாமி, மடம் வந்துட்டு. எறங்குங்க."

பஸ் போன புழுதி அடங்கியபோது எதிரே மடத்துச் சமையல்காரி சொர்ணத்தாய் நின்றாள். புழுதிக்குள்ளிருந்து பச்சை வேட்டியோடு ஒரு மனிதர் வெளிப்பட்டதை மட்டுந்தான் அவள் பார்த்திருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி! நீங்க மட்டும் முன்னால வந்துட்டியளா? கால் கழுவுங்க, ரசம் கொதிக்கி."

அவர் சாப்பிட்டு, குளித்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். தலை முதல் கால்வரை புழுதி. கூட்டத்துக்குத் தலைவர் இரும்புக்கடை வன்னியபெருமாள். பல வருடம் நடந்தவர். பூவனநாதனைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வே, நீரு எங்களுக்குப் பின்னாலல்லா வந்தீரு?"

"வந்தேன்."

"இங்கன எப்படி வே முன்னால நிக்கீரு?"

"ஒரு... குறுக்குப் பாதை இருக்கு."

அந்த ஒரு வார்த்தையோடு போயிருக்கலாம். மறுநாள் காலையில் வன்னியபெருமாள் எல்லோரையும் திரட்டிக்கொண்டு வந்து முன்னால் நிற்கிறார்.

"இத்தனை வருசமா ரோட்டச் சுத்திச் சுத்திக் காலத் தேச்சிருக்கோம். நீரே முன்னால நடயும். இன்னைக்கும் குறுக்குப் பாதையிலயே போவோம்."

முடியாது என்று எப்படிச் சொல்வது? தெற்கே பார்த்து ஒரு மாட்டுவண்டித் தடம் இறங்கியது. அதில் இறங்கினார். அது ஒரு ஓடையில் போய் முடிந்தது. ஓடையைத் தாண்டினால் விதைப்புக்குக் காத்துக் கிடக்கிற கரிசல் காடு. வெடித்த வாய்க்குள் கணுக்கால் போகிறது. கட்டி மண் பாதத்தைக் கிழிக்கிறது. வெடிப்புக்கு விலகினால் கருவேல முள். ஆடிக் காற்று வேட்டியைப் பிடித்து இழுக்க, ஒரு கையில் வேட்டியும் ஒரு கையில் பையுமாக எல்லோரும் அவர் முதுகைப் பார்த்தே நடந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியபோது ஆடு மேய்க்கிற ஒருவர் எதிர்ப்பட்டார்.

"எங்க சாமி போறிய?"

"திருச்செந்தூருக்கு" என்றார் வன்னியபெருமாள்.

"பொறவு என்னத்துக்குக் கோவில்பட்டியப் பாத்துப் போறிய?"

வன்னியபெருமாள் மெதுவாகத் திரும்பினார்.

"என்னவே இது?"

பூவனநாதனுக்கு அழுகை முட்டியது. அந்த நேரத்தில் ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. உண்மையில் பாதிதான் வந்தது.

"நேத்து நான் வழி பாத்து வரல அண்ணாச்சி. முருகான்னு கண்ண மூடுனேன். கண்ணத் தெறந்தா மடம்."

முள் எடுத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. வன்னியபெருமாளின் முகம் மாறியது. கோபம் இறங்கி, அந்த இடத்தில் வேறொன்று ஏறியது.

"ஏலே, கேட்டியளா? இவியளுக்கு வழி தெரியல. வழிதான் இவியளத் தூக்கிட்டுப் போயிருக்கு!" என்றவர், தன் தோளிலிருந்த பித்தளை வேலை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "இனிமே இத நான் சொமக்கக் கூடாது. நீங்க சொமங்க."

'நீரு' போய் 'நீங்க' வந்துவிட்டதைக் கவனிக்கிற நிலைமையில் பூவனநாதன் இல்லை. வேல் அவ்வளவு கனம். ரோட்டுக்குத் திரும்பியபின் அதோடு முதல் ஆளாக நடக்க வேண்டும். முதல் ஆளுக்கு உட்கார முடியாது, நொண்ட முடியாது, கருவேல மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினால்கூடப் பின்னால் வருகிறவர்கள் கும்பிட்டுக்கொண்டு காத்து நிற்கிறார்கள்.

வழியில் ஒரு மடத்தில் தங்கி எழுந்த காலையில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு உத்தரவு வந்திருக்கு. இன்னைக்கு நான் வாய் பேசாம, தனியா, கடைசியா வரணும். வேலு முன்னால போகட்டும்."

மறுபேச்சில்லாமல் வேலை வாங்கிக்கொண்டு அவர்கள் முன்னால் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் தூத்துக்குடிக்குப் பஞ்சுமூட்டை ஏற்றிப்போகிற மில் லாரி ஒன்றைப் பூவனநாதன் கை காட்டி நிறுத்தினார். உள்ளே இடமில்லை. "மேல ஏறிக்கிடுங்க சாமி" என்றார் டிரைவர்.

சற்று நேரத்தில் கீழே 'அரோகரா' கேட்டது. மூட்டைகளின் இடுக்கில் குப்புறப் படுத்து ஒரு கண் மட்டும் வெளியே தெரிய முகத்தைப் பஞ்சுக்குள் புதைத்துக்கொண்டார். வன்னியபெருமாள் கையெடுத்துக் கும்பிட, லாரி ஒதுங்கிப் போனது. மனிதர் வழியில் எது போனாலும் கும்பிடுகிறவர். ஆனாலும் தன்னையே கும்பிட்டது போல் பூவனநாதனுக்கு உடம்பு கூசியது.

தூத்துக்குடிச் சத்திரத்தில் ஒரு மூலையில் சாய்ந்து உட்கார்ந்து, யாராவது கேட்டால் இப்போதுதான் வந்தேன் என்று சொல்லத் தயாராக இருந்தார். சாய்ந்தவர் அப்படியே கண் அசந்துவிட்டார். விழித்தபோது சுற்றிலும் அவர் கூட்டத்தார். எல்லோரும் கைகூப்பி நிற்கிறார்கள். தலைமுடி, புருவம், மார்பு எல்லாம் அப்பிக் கிடந்த வெள்ளையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார் ஒருவர்.

"உடம்பு பூரா திருநீறு பூத்திருக்கு" என்றார் வன்னியபெருமாள், குரல் தழுதழுக்க. "எங்களுக்குப் பின்னால வந்தவிய! ஒத்த ஆளு எங்களத் தாண்டிப் போனதப் பாக்கல."

"அண்ணாச்சி, இது பஞ்சு."

"ஆமா சாமி. பஞ்சு மாதிரிதான் இருக்கு."

அவர்கள் ஆத்தூர் மடத்துக்குப் போய்ச் சேருமுன் செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் ஒரு சிறு கும்பல். முன்னால் நின்றவள் ஆவுடைத்தாய் என்கிற இளம்பெண். கைக்குழந்தையை அவர் காலடியில் கிடத்திவிட்டாள்.

"சாமி, புள்ளைக்குக் காய்ச்சல் எறங்கவே மாட்டேங்கு. திருநீறு பூசி ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ தாயி."

"போயாச்சு. மருந்தும் குடுக்கேன். எனக்குத்தான் தைரியம் இல்ல. நல்லாயிரும்னு நீங்க சொல்லிட்டியன்னா போதும்."

பூவனநாதன் குழந்தையின் நெற்றியைத் தொட்டார். சுட்டது. தன் நெற்றி இப்படிச் சுட்ட நாட்களில் மீனாட்சியம்மாள் ஈரத்துணியும் கையுமாகப் பக்கத்திலேயே கிடந்தது ஞாபகம் வந்தது. அவளும் இப்படித்தான் யார் காலிலாவது விழுந்திருப்பாள். அதற்குத்தான் இந்த நடை. அந்த நடையில்தான் பஸ்ஸும் லாரியும்.

"நல்லாயிரும்" என்றார். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் காலையில் வாசலில் ஒரே குலவைச் சத்தம். ஆவுடைத்தாய் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். "காய்ச்சல் விட்டுட்டு சாமி!" மருந்து என்று அவர் வாய் திறப்பதற்குள் அவள் காலில் விழுந்தாள். அவளைத் தொடர்ந்து கூட்டமே விழுந்தது. வன்னியபெருமாள் முதல் வரிசையில் கிடந்தார்.

மீதித் தூரத்தை வேலைச் சுமந்து அவர் நிஜமாகவே நடந்தார். கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தபோதும் உட்காரவில்லை. திருச்செந்தூர்க் கடலில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு தன் ஆட்களை மணலில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"எல்லாரும் என்ன மன்னிக்கணும். நான் சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எட்டயபுரத்துக்கு பஸ்ஸுல வந்தேன். தூத்துக்குடிக்குப் பஞ்சு லாரியில வந்தேன். நீங்க கும்பிட்ட லாரிதான் அது."

வன்னியபெருமாள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பாத்தியா? எம்புட்டுப் பெரிய ஆளு! பேரு பரவிறக் கூடாதுன்னு தன்னத்தானே எப்படித் தாழ்த்திக்கிடுதாரு பாரு."

"நெசமாத்தான் அண்ணாச்சி! டிக்கெட்டு எடுத்தேன்!"

"எடுத்திருப்பிய சாமி. உங்களுக்கு எதுதான் முடியாது?"

மனிதர்கள் நம்ப மாட்டார்கள் என்றாகிவிட்டது. முருகனுக்குத் தெரியும். மீனாட்சியின் தாலி விஷயம் இது. சன்னிதியில் நின்று பூவனநாதன் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். கிருத்திகைக்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது; மற்றவர்கள் இருந்து, அது முடிந்து ரயிலில் வரட்டும். ஏமாற்றிய தூரத்துக்குப் பரிகாரமாக மொத்தத் தூரத்தையும் நடந்தே திரும்புவது. மீனாட்சியம்மாளுக்குப் பிடிக்குமே என்று ஓலைக் கொட்டானில் சில்லுக்கருப்பட்டி வாங்கிக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிட்டார்.

வழியெல்லாம் பஸ்கள் அவர் பக்கத்தில் வந்து நின்றன. "ஏறுங்க சாமி" என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு நடந்தார். பஞ்சு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரி ஒன்று, "முன்னாலயே எடம் இருக்கு" என்று ஆசை காட்டியது. காதைப் பொத்திக்கொண்டு நடந்தார். ஆத்தூரில் ஆவுடைத்தாயின் குழந்தை அவர் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. எட்டயபுரத்தில் சொர்ணத்தாய் இலை போட்டுக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, போகும்போது காத்தாப் பறந்திய, வரும்போது ஆமையா வாரிய?" என்றாள்.

ஆனால் ஒரு அதிசயம் நடந்திருந்தது. கொப்புளங்கள் காய்ந்து தோல் தடித்துவிட்டது. தொந்தி இறங்கியிருந்தது. கரிசல் காட்டுக் காற்று முகத்தில் அடிக்க, தன்னையறியாமல் வேகமாக நடந்துகொண்டிருந்தார். ரயிலில் வருகிறவர்கள் ஊர் திரும்புமுன்பே, ஒரு விடியற்காலை, கோவில்பட்டிக்குள் நிமிர்ந்து நுழைந்தார். நடையில் கள்ளம் பண்ணியதையும் அதற்கு இரட்டிப்பாக நடந்ததையும் மீனாட்சியிடம் எப்படிச் சொல்வது என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்திருந்தார். அவள் அழுவாள். தானும் அழுதுவிடக் கூடாது.

வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீடும் பூட்டியிருந்தது. எதிர்வீடு, வன்னியபெருமாள் வீடு, அதற்கடுத்த வீடு என்று தெருவே பூட்டிக் கிடந்தது. ஒரு வாசலிலும் கோலம் இல்லை. பூவனநாதன் தன் வீட்டுப் பூட்டை மறுபடி இழுத்துப் பார்த்தார். முருகா, என் கள்ளத்துக்கு என் வீட்டுக்காரியோடு ஒரு தெருவையே தண்டித்துவிட்டாயா?

பால்காரி பாண்டியம்மாள் காலிப் பாத்திரத்தோடு தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள். ஓடிப்போய் மறித்தார்.

"பாண்டியம்மா, எங்க வீட்ல எங்க? அவளுக்கு ஒண்ணும் இல்லியே? எல்லாரும் எங்க போயிட்டாவ?"

பாண்டியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவியளுக்கு என்ன, எல்லாரும் வேன் புடிச்சுக் குத்தாலத்துல குளிக்கப் போயிருக்காவ அண்ணாச்சி. சீசனுக்கு வருசா வருசம் போறதுதான். ஒங்க வீட்டம்மாவத்தான் இம்புட்டு நாளாச் சேத்துக்கிடல. வீட்டுக்காரர நேர்ச்சைன்னு சொல்லித் திருச்செந்தூருக்கு நடக்க விட்டவியளுக்கு மட்டுந்தான் அந்த வேன்ல எடம்!"