கோல்காரரின் முழங்கால்

செத்த காலுக்கு உயிர் கொடுக்கிற மகான் வந்திருக்கிறார் என்றதும் சனம் திரண்டுவிட்டது. மண்டப வாசலில் சக்கர நாற்காலிகள் முட்டி மோதின. மகானுக்குக் கோல்காரர் என்று பெயர். கையில் ரப்பர் முனை வைத்த ஒரு கோல், அவ்வளவுதான் மூலதனம். பக்கவாதம் வந்தவரை உயரமான மேசையில், காலைத் தொங்கப்போட்டு உட்கார வைப்பார். கண்ணை மூடி முணுமுணுப்பார். முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு. கால் துள்ளும். கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். அப்புறம் எண்ணெய் பாட்டில் வியாபாரம் சூடு பிடிக்கும்.

போன வாரம் வலது பக்கம் வாதம் வந்த ஒரு தையற்காரரின் காலும் அப்படித்தான் துள்ளியது. அவர் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. கோல்காரர் சொன்னபடியே கணவரின் வலது கையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டாள். அசைத்தால் உயிர் ஒழுகிவிடுமாம். உயிர் என்ன ஓட்டைக் குடத்துத் தண்ணீரா என்று கேட்க அங்கே ஆளில்லை. தினமும் வந்து விரல்களைப் பிரித்து நீட்டி, தோளை மெல்லச் சுழற்றி, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்த நர்ஸம்மாவையும் வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

கட்டுப் போடுவதற்கு முந்தின நாள்தான் தையற்காரரின் கட்டைவிரல் தானாக அசைந்திருந்தது. கத்தரி பிடிக்கிற விரல். இப்போது கட்டுக்குள்ளே கை மரக்கட்டையாக இறுகிக்கொண்டிருந்தது. சொன்னால் யாருக்குப் புரியும்? வாய் கோணி, பேச்சு முழுக்கக் குழறல். அது விளங்குகிற ஒரே ஆள் மனைவி. அவளோ கோல்காரர் கட்சி.

இன்றைக்கு மறுபடியும் மேசையில் ஏற்றினார்கள். ஒரு தட்டு. கால் துள்ளியது.

"பாருங்க, போன தடவையைவிட உயரமா எந்திரிக்குது," என்றார் கோல்காரர்.

தையற்காரர் என்னவோ குழறினார்.

"நல்ல காலையும் தட்டச் சொல்றாருங்க," என்றாள் மனைவி.

"நல்ல காலுக்கு எதுக்கும்மா வைத்தியம்?"

மறுபடி குழறல். மனைவி தயங்கினாள். ஆனால் அவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியே பழகிவிட்டது அவளுக்கு. "ஆஸ்பத்திரியில டாக்டர் சின்னச் சுத்தியலால ரெண்டு காலையும் தட்டினாராம். ரெண்டுமே துள்ளுச்சாம். அவரு மந்திரம் ஒண்ணும் சொல்லலையாம்."

சொன்னது தன் காதிலும் விழுந்ததும் அவள் திகைத்தாள். டாக்டர் தட்டியபோது பக்கத்தில் நின்றவளே அவள்தான்.

கோல்காரர் சிரித்து மழுப்பினார். தையற்காரருக்கு இடது பக்கமாக மேசையில் ஏறி, தானும் காலைத் தொங்கப்போட்டு, கோலை மடியில் வைத்துக்கொண்டு, சந்தேகப்படுவது எவ்வளவு பெரிய பாவம் என்று உபதேசிக்கத் தொடங்கினார். நின்றுகொண்டே உபதேசித்திருக்கலாம். தையற்காரரின் இடது கைக்கு வாதமில்லை. அந்தக் கையால் கோலை எடுத்தார், ஒரு தட்டுத் தட்டினார்.

மகானின் கால் துள்ளிய வேகத்தில் செருப்பு பறந்துபோய் எண்ணெய் பாட்டில்களுக்கு நடுவே விழுந்தது.

அடுத்த குழறலை மனைவி உரக்கவே சொன்னாள்: "ஐயாவுக்கும் வாதமான்னு கேக்குறாரு. அப்படின்னா எந்தக் கையைக் கட்டணும்னும் கேக்குறாரு."

ஒருவர் சிரித்தார். இன்னொருவர் பக்கத்து நாற்காலிக்காரரின் முழங்காலைக் குடைக்காம்பால் தட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்க ஆளாளுக்குக் கால் துள்ளிக்கொண்டிருந்தது.

"கோல் இல்லாம ஒரு தரம் இவரு காலை நீட்ட வைங்க, போதும்," என்றாள் மனைவி.

கோல்காரர் கண்ணை மூடினார், முணுமுணுத்தார், கட்டளையிட்டார். கால் தொங்கியது தொங்கியபடி இருந்தது. ஒற்றைச் செருப்போடு அவர் பின்வாசல் வழியாக நழுவினார்.

மனைவி அங்கேயே கட்டை அவிழ்த்தாள். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிப்போயிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பிரிக்க அவர் வலியில் முனகினார், அவள் அழுதாள். கட்டைவிரல் அசையவில்லை.

"என் புத்தியைச் சொல்லணும். நர்ஸம்மா கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வரேங்க. முதல்லேருந்து ஆரம்பிப்போம்."

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய மனிதர் பக்கத்தில் வந்து நின்றார். "அம்மா, அந்தக் கோலை நான் எடுத்துக்கவா? எங்க மாமனாருக்கும் வாதம்."

"தாராளமா எடுத்துக்குங்க. முதல்ல உங்க தலையில ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க, உள்ள ஏதாவது அசையுதான்னு. எங்க வீட்டுக்காரர்தான் சொல்றாரு," என்றாள் அவள்.

தையற்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயையே திறக்கவில்லை.