டி.வி. சாவி வழக்கு

மில் முதலாளியை வேலுமணி கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு. முதலாளி பால் குடித்தார், பேனாவைத் திறந்தார், சரிந்தார். உடனே சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

தொண்ணூற்று நாலில் பீளமேட்டில் அந்தத் தெருவுக்கே ‘சாட்சி எண் ஒன்பது’ பைத்தியம் பிடித்திருந்தது. வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்த நாவல்தான் டி.வி.யில் ஓடியது. வேலுமணியின் மனைவி அன்புக்கரசி அந்தக் கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, அட்டை ஒட்டிப் புத்தகமாக்கி வைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டு நசுருதீன் கோர்ட்டில் ஜட்ஜுக்கு முன்னால் நடந்து குரல் கொடுக்கும் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய விமர்சனம் எப்போதும் ஒன்றுதான்.

“ஜட்ஜய்யா உள்ள வாராரு, ஒருத்தனும் எந்திரிக்கலீங்க! இதெல்லாம் ஒரு கோர்ட்டுங்களா?”

வேலுமணியின் குறை வேறு. செவ்வாய்க்கிழமைகளில் தோசை ஆறித்தான் வந்தது.

அந்தச் சமயத்தில் பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது. தொடரின் கடைசிப் பகுதிக்குச் சிறந்த விமர்சனம் எழுதுபவருக்கு ஒரு மிக்ஸி. வேலுமணி துள்ளி எழுந்து, டி.வி. பெட்டியின் ஷட்டர் கதவைப் பூட்டும் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“அம்மணி, பரிசு எனக்குத்தான். வந்துச்சுன்னா டி.வி. ஷட்டர் சாவி என் அரைஞாண் கவுத்துல. செவ்வாக்கெழம ஏழரைக்குப் பூட்டு!”

“வரலீன்னா?”

“சாவி உனக்கு. ஆயுசுக்கும் வாயத் தொறக்க மாட்டேன்.”

“ஏனுங்க, விமர்சனம் எழுதறதுன்னா நாடகத்தப் பாக்கோணுமுங்க. நீங்க பாதியில கொறட்ட உட்டுப்போடறீங்க.”

“அது கொறட்டையில்ல. சிந்தனை.”

அன்புக்கரசி ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து வேலுமணி அலமாரியைத் திறந்து அந்தத் தைத்த புத்தகத்தை எடுத்தார். நேரே கடைசிப் பக்கம். கூண்டில் நின்று மில் கணக்குப்பிள்ளை கதறுகிறார்: நான்தான் கொன்றேன்! கீழே ‘முற்றும்’. வேலுமணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மற்றவர்கள் பார்த்து, யோசித்து, எழுதுவதற்குள் தன் கடிதம் ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டும்! திங்கட்கிழமையே தபாலில் போட்டுவிட்டார். ‘தூக்குமேடையில் கணக்குப்பிள்ளை விட்ட கண்ணீர் என் சட்டையை நனைத்தது. நாவலுக்குத் துளியும் துரோகம் செய்யாத இயக்குநர் வாழ்க!’

செவ்வாய் சாயங்காலம் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கணக்குப்பிள்ளை கூண்டில் கதறினார்.

“நான் அப்பவே நெனச்சேனுங்க!” என்று வேலுமணி தொடையைத் தட்டினார்.

அடுத்த நிமிஷம் ஒன்பதாவது சாட்சி வந்தாள். கணக்குப்பிள்ளை சொன்னது பொய் என்றாள். முதலாளியின் வக்கீல் கையில் விலங்கு விழுந்தது. கணக்குப்பிள்ளைக்கு மாலை போட்டார்கள்.

“அடப்பாவி வக்கீலு!” என்றார் நசுருதீன்.

“மோசம்! முடிவையே மாத்திப்போட்டானுங்க! புத்தகத்துல...” வேலுமணி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எந்தப் புத்தகத்துலீங்க?” என்றாள் அன்புக்கரசி, மெதுவாக.

போட்டி முடிவு வந்த இதழை நசுருதீன்தான் ஓட்டமாகக் கொண்டுவந்தார். முதல் பரிசு, மிக்ஸி: திருமதி அன்புக்கரசி, பீளமேடு. அதற்குக் கீழே கட்டம் கட்டி, ‘பார்க்காமலே அழுதவர்’ என்ற தலைப்பில் தூக்குமேடைக் கடிதம். முழுப் பெயர், முழு விலாசம்.

“தம்பி, ரெண்டு பேருக்கும் ஒரே டோர் நம்பருங்க!”

வேலுமணி மனைவியைப் பார்த்தார். அவள் அரிசி டிரம்முக்குள் கைவிட்டு நான்கு தாள்களை எடுத்தாள். கடைசி அத்தியாயம்.

“போன நாடகத்துக்கும் இப்படித்தான் திருட்டுத்தனமா முடிவப் பாத்துத் தெருவெல்லாம் சொல்லிப்போட்டீங்க. அதான் இதைய உருவிட்டு, ‘தொடரும்’ மேல வேற கதையோட ‘முற்றும்’ வெட்டி ஒட்டிப்போட்டேனுங்க. சாவியக் குடுங்க. தோச ஆறுது.”

அன்புக்கரசி போய் ஒன்பது வருஷமாகிறது. அந்தக் கடைசி அத்தியாயத்தை அவள் திரும்பத் தைக்கவே இல்லை. புத்தகம் அலமாரியில் இருக்கிறது. அதில் இன்றும் கணக்குப்பிள்ளைதான் கொலைகாரன்.