இலைச்சாற்றில் ஆடு

"மறுபடியும் கெரட்டின், சார்," என்றாள் புரதங்களை இனம் காணும் இயந்திரத்தை இயக்கும் பெண். "தோல்லயும் முடியிலயும் இருக்கிற புரதம். செடியில கிடையாது."

ஆய்வாளர் தேடுவதோ ஒரு செடிப் புரதம். கையில் இருப்பது ஒரு சின்ன மூலக்கூறு. அது பட்டால் செடி வாடுவதில்லை. இலைச் செல்லுக்குள் அது எந்தப் புரதத்தைப் போய்ப் பிடிக்கிறது என்பதுதான் மூன்று வருடமாகப் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் ஆய்வை இழுத்து மூடுவதாக இயக்குநர் சொல்லியாகிவிட்டது. மூடினால் அவர் எங்கே போவார்? வீட்டில் பேச்சுத்துணைக்கு முகம் பார்க்கும் கண்ணாடிதான் இருக்கிறது.

செய்முறை என்னவோ எளிதுதான். மூலக்கூறைச் சிறுமணிகளில் ஒட்டி, வாய் திறந்த குழாயில் நிரப்பி, இலைச்சாற்றை ஊற்ற வேண்டும். உரிய புரதம் மணியில் மாட்டிக்கொள்ளும். சாறு சொட்டிமுடிக்க ஒரு மணி நேரம். அதுவரை அந்தக் குளிர் அறையிலேயே, குழாய்க்குப் பக்கத்தில் தலை சாய்த்துக் கண்ணயர்வார்.

பழி முதலில் உடன் வேலை பார்த்த தாடிக்காரர் மேல் விழுந்தது.

"உங்க தாடிதான் காரணம். வேற ரூமுக்குப் போயிடுங்க."

"போறேன். மத்தியானம் உங்களை யாரு எழுப்புவா?"

யாரும் எழுப்பவில்லை. இரண்டு மணி நேரம் தூங்கினார். கெரட்டின் இரட்டிப்பானது.

தன் முடிதான் எமன் என்று மொட்டையடித்துக்கொண்டார். புருவத்தையும் விட்டுவைக்கவில்லை. கெரட்டின் நான்கு மடங்கானது.

கதவில் 'யாரும் வரக்கூடாது' என்று எழுதி ஒட்டினார். ஒட்டிய பிறகுதான் உறைத்தது, எப்படியும் யாரும் வருவதில்லையே என்று. மூலக்கூறு இருந்த குப்பியைப் பார்த்துக் கேட்டேவிட்டார்: "உனக்காவது உள்ள ஒரு ஆள் இருக்கு. எனக்கு?"

வியாழக்கிழமை இயந்திரப் பெண் ஓடிவந்தாள்.

"சார், எந்த உயிரோடதுன்னு நல்லாப் பார்த்தேன். மனுஷனோடது இல்ல. செம்மறி ஆடு! அடியில மங்கலா ஒரு செடிப் புரதமும் தெரியுது. ஆடு எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சா நாளைக்கே முடிச்சிடலாம்."

"ஆடு இலையைத் தின்னும், தெரியும். இலைக்குள்ள எப்படிம்மா ஆடு வந்துச்சு?"

வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"திட்டாதீங்க சார். குளிர்ல சுருண்டு கிடக்கறீங்களேன்னு தினமும் நான்தான் என் கம்பளிச் சால்வையைப் போத்திவிட்டு, நீங்க முழிக்கறதுக்குள்ள எடுத்துட்டுப் போவேன். மொட்டையடிச்சதுலேர்ந்து தலையையும் சேர்த்து மூடறேன்."