"ரெண்டு நாள்" மெக்கானிக்

இலுப்பூர் பக்கம் மோட்டார் வைத்திருந்த அத்தனை பேர் நம்பிக்கையிலும் மண் அள்ளிப்போட ஒரே ஆள் போதும். எது கெட்டாலும் "ரெண்டு நாள்" என்பார். அதுவே அவர் பேராகிவிட்டது.

நான் தண்ணீர் கேன் கம்பெனியில் ஆபரேட்டர். அதாவது, பச்சைப் பட்டனை அமுக்குகிறவன். எட்டாம் வகுப்பு என்னைப் பாஸ் பண்ணவில்லை. நானும் அதை மன்னித்துவிட்டேன்.

ஒரு தடவை எங்கள் மோட்டார் நின்றபோது கேட்டேன்: "பேரிங் மாத்த அரை மணிதானண்ணே?"

"மாத்த அரை மணிதான். பேரிங் ஒங்கிட்ட இருக்கா? புதுக்கோட்டைக்கு பஸ்ஸு வரணும், கடை தொறந்திருக்கணும், வாங்கியாந்தா கரண்டு இருக்கணும். இதெல்லாம் ஆரு கணக்குல?"

பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர், "ஊசி போட்டா அஞ்சு நிமிசத்துல மரத்துரும்" என்றதற்கு, "ஊசி கைவசம் இருக்கா?" என்று கேட்டவர்.

என் கல்யாணம் வந்தது. கீரமங்கலத்து மாமனாரிடம் சவடாலாகச் சொன்னேன்: "தண்ணி என் பொறுப்பு மாமா. ரெண்டு மோட்டாரு இருக்கு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு."

பக்கத்தில் ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "ரெண்டும் படுத்தா?"

"அதெப்புடிண்ணே படுக்கும்?"

"மோட்டாரு ரெண்டு. பாக்குறதுக்கு நான் ஒருத்தன்தான இருக்கேன்."

மாமனார் என்னைப் பார்த்த பார்வையில், பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்ற யோசனை தெரிந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே மெக்கானிக் கம்பெனிக்கு வந்து நின்று, இருக்கிற கேனையெல்லாம் நிரப்பி மண்டபத்தில் அடுக்க வைத்தார்.

"நல்லாத்தானண்ணே ஓடுது? இப்ப எதுக்கு?"

"ஓடுறப்பத்தாண்டா ரொப்ப முடியும்."

கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு மோட்டாரில் காயில் கருகியது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் புதுக்கோட்டை பஸ்ஸில் போகும்போதே மற்றதும் நின்றுவிட்டது. மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. அடுக்கியிருந்த கேன் தண்ணீரைக் குடித்தார்கள், கை கழுவினார்கள்.

"மெசினு ஜோரா ஓடுது போல மாப்ள" என்றார் மாமனார்.

"ஆமா மாமா" என்றேன், மாலையைச் சரிசெய்துகொண்டே.

பந்திக்கு மெக்கானிக் வரவில்லை. மோட்டார் படுத்து சரியாக இரண்டு நாள் கழித்து, கையெல்லாம் கிரீஸோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். "ரெண்டும் ஓடுது."

உட்காரவைத்து இலை போட்டோம்.

"சோறு எப்பம்மா ஆகும்?"

"அஞ்சு நிமிசந்தாங்க" என்றாள் என் மனைவி.

அரிசி இருக்கா, கேஸ் இருக்கா என்று அவர் கேட்கவேயில்லை. இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார். அவருக்காகப் பக்கத்து வீட்டிலும் ஒரு உலை வைக்கச் சொல்லியிருந்தேன். அது அவருக்குத் தெரியாது.