ஜப்பானிய மேஜராகச் செத்தது குறித்து அண்ணனுக்கு

மரியாதைக்குரிய அண்ணன் லூ ஜிங்ஹே அவர்களுக்கு, தம்பி ஜிங்வென் தலைகுனிந்து எழுதுவது. தங்கள் இடுப்பு வலியும் அண்ணியின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை.

"ஜப்பான்காரன் சட்டையப் போட்டவன் சிங்மிங் அன்னிக்கு, செத்தவங்களுக்குப் படைக்கிற நாள்ல, அப்பா கல்லறைப் பக்கம் கால் வைக்கக் கூடாது" என்று சொல்லித் தாங்கள் தொலைபேசியை வைத்துவிட்டதால், சொல்ல வந்ததை வரிசைப்படுத்துகிறேன்.

1. நான் நடிக்கப் போகவில்லை.
2. அந்தக் கிழவரை நான் அறையவில்லை.
3. வாணலி மூடியை எதிர்த்துப் பேசியது ஜப்பானுக்குப் பரிந்து அல்ல, அப்பாவுக்காக.
4. நான் செத்துவிட்டேன், இனி அந்தத் தொலைக்காட்சித் தொடரில் வரமாட்டேன்.
5. ஆகவே, கல்லறைக்கு வர அனுமதி வேண்டும்.

முதலாவது. ஓய்வுபெற்றபின் இந்தப் படப்பிடிப்பு ஊரில், மகளின் நூடுல்ஸ் கடை மாடியில் இருக்கிறேன். கடைக்குச் சாப்பிட வந்த இயக்குநர் பாவ், நான் ஜப்பானிய மொழி ஆசிரியராக இருந்தவன் என்று அறிந்து, போர்த் தொடரில் ஜப்பான் வீரர்களின் வசனத்தைத் திருத்தித் தரச் சொன்னார். போனேன். திருத்த ஒன்றுமில்லை. எல்லா வீரர்களுக்கும் சேர்த்து 'முட்டாள்' என்ற ஒரே வசனம்தான். அதன் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது மேஜர் வேடக்காரருக்கு வயிற்றுப்போக்கு. "ஐயா, சட்டை உங்களுக்கு அளவா இருக்கும். ஒரே நாள்ல செத்துருவீங்க, கவலப்படாதீங்க" என்றார் பாவ். மறுக்கலாமா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் மீசையை ஒட்டிவிட்டார்கள்.

இரண்டாவது. கிராமத்துக் கிழவரை அறையும்போது என் கை அவர் கன்னத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. சத்தம் பிறகு சேர்த்தது. அவரே, "வாத்தியாரே, இப்படி விசிறிவிட்டா எனக்குத் தூக்கம்தான் வருது, அழுகை வரல. நாலு அறை நல்லா விடுங்க" என்று சலித்துக்கொண்டார். படையும் அப்படித்தான். காலையில் சீனக் கெரில்லாக்களாக எங்களைச் சுட்ட அதே இளைஞர்கள், மதியச் சாப்பாட்டுக்குப்பின் உடை மாற்றிக்கொண்டு வந்து என் வீரர்களாகச் செத்தார்கள். யோசித்துப் பார்த்தால் அவரவரை அவரவரே சுட்டுக்கொண்டார்கள் என்றுதான் வருகிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். கதைப்படி, ஒளிந்திருந்த சமையல்காரர் வாணலி மூடியை வீசுகிறார். அது என் காவலர் இருவரைச் சாய்த்து, என் நெஞ்சில் பட்டு, அவர் கைக்கே திரும்பிப் போகிறது. "மேஜர்கிட்டத் துப்பாக்கி இருக்கே, குனியவாவது மாட்டாரா?" என்று கேட்டேன். "மாட்டாரு. அவரு ஜப்பான்காரரு" என்றார் பாவ். அண்ணா, நிஜப் போரில் நம் படைக்காக அப்பா பீரங்கிக் குண்டுகளைத் தோளில் சுமந்தார்; ஒரு காது போயிற்று. "அவனுங்க கெட்டிக்காரனுங்கடா, அதான் ராத்திரி பகலா நடுங்கினேன்" என்று நம் இருவரிடமும்தானே சொன்னார்? மூடி பட்டுச் சாகிறவனிடமிருந்தா அப்பா எட்டு வருடம் ஓடினார்? அப்படியானால் தொடர் பார்க்கிறவர்கள் யாரை முட்டாள் என்பார்கள்? இதைச் சொல்ல வாய் திறந்தேன். "ஐயா, நீங்க யாரு பக்கம்?" என்றார் பாவ். மூடிக்கொண்டேன். என் எண்ணம் தவறாகவும் இருக்கலாம்.

நான்காவது. பிணமாக நடித்தவருக்குத் தீட்டுக் கழியப் பணம் வைத்த சிவப்பு உறை தருவார்கள். உதவியாளர் நீட்டினார். நம் அம்மா சொல்லித் தந்தபடி இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை வாங்கலாம் என்று நின்றேன். அவர் மூன்றாம் முறை நீட்டவே இல்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. "செத்துட்டு உறை வாங்காத ஆளுய்யா, தள்ளி வாங்க" என்று கிசுகிசுத்தார்கள். விளக்குக்காரர் விளக்கையே போட மாட்டேன் என்றுவிட்டார். செத்தால்தானே உறை? "சரி, இன்னொரு தடவ செத்துட்டு வாங்கிக்குங்க" என்றார் பாவ். சமையல்காரர் வீட்டுக்குப் போய்விட்டதால் துப்பாக்கியால் சுட்டார்கள். இம்முறை நீட்டியதும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். தாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தது முதல் சாவு. ஆக, நான் ஐயத்துக்கு இடமில்லாமல் செத்தவன்.

ஐந்தாவது. பின்வரிசையில் நிற்கிறேன் அண்ணா. புல் மட்டும் பிடுங்குகிறேன். படையல் மதுவைத் தாங்களே ஊற்றுங்கள். அப்பா முன்னால் ஒரு தரம் விழுந்து கும்பிட்டுவிட்டு அடுத்த பேருந்திலேயே திரும்பிவிடுவேன்.

அண்ணிக்கு வணக்கம். வீட்டில் எல்லோரும் நோயின்றி, நன்றாகத் தூங்கி எழ வேண்டுகிறேன்.

பணிவுடன்,
ஜிங்வென்

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டப்போன நேரத்தில் பாவ் கூப்பிட்டார். "ஐயா, கையில ரெண்டு சாவு இருக்கு. ஒண்ண வீணாக்கலாமா? மேஜருக்கு ஒரு இரட்டைத் தம்பிய வெச்சிட்டோம். ரெண்டாவது சாவு அவனுக்கு. அதுக்கு முன்னால அவன் கொஞ்சம் வாழணும், வந்துருங்க." படப்பிடிப்பு சிங்மிங் அன்றுதான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நிபந்தனை போட்டேன்: தம்பிக்குக் குனியத் தெரிய வேண்டும், வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும், அவனைப் பிடிப்பதற்குள் கெரில்லாக்களுக்கு நாக்குத் தள்ள வேண்டும்.  பாவ், "சரி. ஆனா கடைசில செத்துத்தான் ஆகணும்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

ஆகவே, தாங்கள் அனுமதித்தாலும் என்னால் வர இயலாது. அப்பாவுக்கு அங்கே செலவுக்கு என் பங்குக் காகிதப் பணத்தையும் தாங்களே எரித்துவிடுங்கள். அப்பாவிடம், நீங்கள் நடுங்கியது நியாயம்தான் என்று ஊருக்குக் காட்டத் தம்பி போயிருக்கிறான் என்று சொல்லுங்கள். என்ன சட்டையில் என்று சொல்ல வேண்டாம்.

நான்காவது குறிப்பு தவறு. நான் இன்னும் சாகவில்லை.