வேணும்னுதான்காரர் தைத்த யானை

வேணும்னுதான்காரர் என்று ஒரு மனித இனம் உண்டு. வாலும் கிடையாது, கொம்பும் கிடையாது. நம்மைப் போலவே டீ குடிப்பார், நம்மைப் போலவே கரண்டு போனால் திட்டுவார். ஆளைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. ஏதாவது ஒன்று கெட்டுப்போக வேண்டும், அப்போதுதான் தெரியும். குழம்பில் உப்புக் கூடிவிட்டால் நமக்கெல்லாம் முகம் சுருங்கும். இவருக்கு மலரும். "வேணும்னுதான் போட்டேன். தயிரை ஊத்திப் பிசைஞ்சா கணக்காப் போயிரும்" என்பார். கண்ணெதிரே பஸ் போய்விட்டால், "வேணும்னுதான் விட்டேன். பின்னாடி வர்ற வண்டியில சீட்டுக் கிடைக்கும்" என்பார். பிறந்ததிலிருந்து ஒரு தப்பும் செய்யாத இந்த மகானோடு ஒரு பெண் எப்படிக் குடித்தனம் நடத்துவாள் என்று கேட்கிறீர்களா? தங்கச்செல்வியைத்தான் கேட்க வேண்டும்.

தங்கச்செல்வியின் வீட்டுக்காரர் தனுஷ்கோடி, அருப்புக்கோட்டையில் கட்பீஸ் கடை வைத்திருக்கிறார். கடை போர்டு ஒரு பக்கம் இறங்கி இருக்கும். ஆணி சரியாக அடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவரைக் கேட்டால், "வேணும்னுதான் சாய்ச்சு மாட்டுனேன். தலையைச் சாய்ச்சுப் படிக்கிறவன் கடைக்குள்ள வராமலா போவான்?" என்பார். இதுவரை தலையைச் சாய்த்தவர்கள் கழுத்தைத் தடவிக்கொண்டு போய்விட்டார்கள்.

வியாபாரம் ஓய்ந்த ஒரு மத்தியானத்தில், போனில் ஒரு வீடியோ அவர் கண்ணில் பட்டது. யாரோ ஒரு வெளிநாட்டம்மா, ஸ்கேல் இல்லாமல், சாக்பீஸ் கோடு இல்லாமல், கத்தரி போன போக்கில் துண்டுத் துணிகளை வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு நரியின் உருவத்தைக் கொண்டுவந்து, உள்ளே பஞ்சு வைத்துப் போர்வையாகத் தைத்துவிட்டாள். திட்டம் போடக்கூடாதாம். கோணல் வந்தால் அதுதான் அழகாம். தனுஷ்கோடிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலமாக வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு செய்ததை, அங்கே ஒரு கலை என்று கும்பிடுகிறார்களே!

அந்த நேரம் பார்த்துத்தான் யானை வந்து சேர்ந்தது.

பரளச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கச்சி முத்துமாரியம்மாளின் மகள் சுவாதிக்குக் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். மூத்த மாமன் என்ற முறையில் அந்த மடி தனுஷ்கோடியுடையது. ஆனால் சுவாதிக்கு ஒட்டுதல் எல்லாம், வாராவாரம் கிரீம் பிஸ்கட்டோடு வந்து நிற்கும் சின்ன மாமன் அசோக்கிடம். போதாததற்கு அவள் போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "எந்த மாமா யானை கொண்டாறாகளோ அவுக மடியிலதான் உக்காருவேன்."

அசோக் மதுரைக்குப் போய், பேட்டரியில் நடக்கிற பிளாஸ்டிக் யானையை வாங்கி வந்துவிட்டான். மூத்தவன் நிற்க இளையவன் மடியில் காதுகுத்து என்றால் சொந்தபந்தம் எத்தனை வருஷம் சொல்லிக் காட்டும் என்று உங்களுக்குத் தெரியாதா? தனுஷ்கோடிக்குச் சோறு இறங்கவில்லை. "கடையில காசு குடுத்தா எவனும் வாங்கலாம். நான் தைக்கிறேன் பாரு" என்று மிஷின் முன்னால் உட்கார்ந்தார்.

யானை உடம்புக்கு விசைத்தறிச் சாம்பல் துணி, கஞ்சியில் மொடமொடவென்று நின்றது. போர்வையின் பின்புறத்துக்குப் பச்சைப் பாலியஸ்டர். நெற்றிப் பட்டத்துக்கு ஒரு பழைய சிவப்புச் சேலை முந்தி. கத்தரி போன போக்கில் போனது. பார்த்தால் கால் ஐந்து.

"ஏங்க, யானைக்கு அஞ்சு காலா?"

"வேணும்னுதான். நடக்குற மாதிரி தெரியணும்ல."

ஓரத்தை நேராக்குகிறேன் என்று கத்தரித்ததில் கால்கள் மொத்தமும் முழங்காலோடு போயின.

"வேணும்னுதான். கண்மாய்த் தண்ணியில நிக்கிது."

தும்பிக்கைக்குள் பஞ்சைத் திணித்தவர், அதன் நுனிப் பாதியைப் போர்வையோடு சேர்த்துத் தைக்க மறந்துவிட்டார். அது தனியாகத் தொங்கியது. தங்கச்செல்வி அதைக் கேட்கவே இல்லை. பதில்தான் தெரியுமே.

காதுகுத்துக்கு முதல் நாள், பச்சைப்பிள்ளை மேலே படுகிற துணியில் கஞ்சி வாடை அடிக்கிறதே என்று நல்ல மனசோடு அதைத் தூக்கி வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாள் தங்கச்செல்வி. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "நனைச்சுக் காய வச்சுட்டுத் தைக்கக் குடுங்கம்மா, துணி சுருங்கும்" என்று தொண்டை வற்றச் சொல்கிறவர், தன் துணியை நனைக்காமலே தைத்திருந்தார். யானை சுருங்கியது. பாலியஸ்டர் சுருங்குவேனா என்றது. சிவப்பு முந்தி சாயம் விட்டது. கொடியில் காய்ந்தது உடம்பெல்லாம் மடிப்பு விழுந்த ஒரு ரோஸ் கலர் ஜீவன். தொங்கிய தும்பிக்கை கட்டைவிரல் மாதிரி விறைத்து நின்றது.

"ஐயையோ, நான் கெடுத்துட்டேனே!" என்று வாயில் கை வைத்தாள் தங்கச்செல்வி.

"வேணும்..." என்று ஆரம்பித்தார் தனுஷ்கோடி. மீதி வரவில்லை. மறுபடி தைக்க நேரமும் இல்லை. அதையே மடித்துச் சீர்த்தட்டில், தேங்காய் பழத்துக்குக் கீழே ஒளித்து வைத்தார்.

குலசாமி கோயிலில் ஆசாரி கம்பியோடு தயாராக இருந்தார். அசோக் மடியை விரித்து உட்கார்ந்து, யானையை ஓடவிட்டான். அது காதை ஆட்டியது, கண் மின்னியது, பிளிறியது. சுவாதி ஓடிப்போய் யானையைக் கட்டிக்கொண்டு அவன் மடியில் ஏறிவிட்டாள். தனுஷ்கோடி சீர்த்தட்டைப் பின்னால் நகர்த்தினார். அடுத்த நிமிஷம், "குத்துது! குத்துது!" என்று அலறிக்கொண்டு இறங்கினாள். பிளாஸ்டிக் தந்தம் தொடையில் ஏறியிருந்தது.

இறங்கினவள் நேராகப் பெரிய மாமன் முன்னால் வந்து நின்றாள். "என் யானை எங்க?"

தட்டிலிருந்து போர்வையை எடுத்து மடியில் விரித்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள்.

"இது என்ன மாமா?"

வேணும்னுதான் என்று சொல்லலாம்தான். ஆனால் பிள்ளை ஏன் என்று கேட்கவில்லையே, என்ன என்றல்லவா கேட்கிறாள்! தனுஷ்கோடி போர்வையின் ஒரு மடிப்பை நீவிவிட்டார்.

"யானைதான் தாயி தைச்சேன். மாமனுக்குச் சரியா வரல."

சொல்லிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை.

சுவாதி குனிந்து மடிப்புகளைத் தடவினாள். விறைத்து நின்ற தும்பிக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். "பன்னிக்குட்டி!" என்று கத்தினாள், அப்படி ஒரு சந்தோஷம். "பன்னிக்குட்டி மாமா!" என்று மடியில் பொத்தென்று உட்கார்ந்துகொண்டாள். ஆசாரியின் கம்பி ஒரு காதில் ஏறும்போது தும்பிக்கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அடுத்த காதுக்கு அதைக் கடித்தாள். அழுகை கொஞ்சம்தான். தனுஷ்கோடிதான் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முத்துமாரியம்மாளின் மாமியார் கோகிலாம்பாள் மட்டும் போர்வையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தும்பிக்கையைத் தொட்டுக் காட்டினார். "ஏம்மா தங்கச்செல்வி, எல்லாம் சரி, இந்த ஒண்ணு மட்டும் ஏன் இப்படித் துருத்திக்கிட்டு நிக்கிது? தண்ணியில போட்டுட்டீகளோ?"

தனுஷ்கோடி மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"வேணும்னுதான் அத்தை" என்றாள் தங்கச்செல்வி, கண் இமைக்காமல். "பிள்ள வலிக்கும்போது பிடிச்சுக்கிறணும்ல."

ஆக, இது கூடவே குடியிருக்கிறவர்களுக்கும் ஒட்டிக்கொள்கிற சங்கதி. சிரிக்காதீர்கள். போன வாரம் உங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததே, யார் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள்? நினைவில்லையா? வேணும்னுதான் மறந்திருப்பீர்கள்.